செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கெட்ட நிலத்தை அறிதலும் மீட்டலும்: திருநெல்வேலிச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிச் சீமை என்று இங்கே குறிப்பிடுவது இன்றைய திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்துத்தான். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் தனி மாவட்டங்களாயின. ஆனால் நிலத்தையும் நீரையும் பற்றிப் பேசும்போது மூன்றையும் ஒன்றாகவே பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் மேற்கே மலையில் பெய்யும் மழைதான் கிழக்கே கடலோரக் குளங்கள் வரை நிறைக்கிறது. ஊர்க்கூட்டங்களிலும் விவசாயிகளோடு நடந்த பேச்சுகளிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நாங்கள் சொல்லிவந்த விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறோம்.

நிலம் கெட்டுப்போயிருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? தரிசாகக் கிடப்பதெல்லாம் கெட்ட நிலம்தானா?

இல்லை. முன்பு தந்துகொண்டிருந்த விளைச்சலையும் புல்லையும் மரத்தையும் தரும் வலுவை இழந்து, நல்ல மழை பெய்த ஆண்டிலும் பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல் கிடக்கும் நிலத்தையே கெட்ட நிலம் என்கிறோம். ஆள் கிடைக்காததாலோ, பங்காளித் தகராறாலோ, ஒரு வருடம் மழை தவறியதாலோ விதைக்காமல் விட்ட கரிசல் காடு தரிசுதான். ஆனால் அடுத்த புரட்டாசியில் உழுது உளுந்தோ பாசியோ போட்டால் அது பழையபடி விளையும். மேல்மண் முழுதும் ஓடையில் இறங்கிச் சரளை வெளியே தெரியும் செவல் (செம்மண்) சரிவு அப்படியல்ல. அதில் எத்தனை மழை பெய்தாலும் தண்ணீர் தங்காது.

நாடு முழுவதற்குமான கணக்கை அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு மூன்று முறை எடுத்திருக்கிறது. 2003-05 காலத்தில் 9.453 கோடி ஹெக்டேராக இருந்த சீரழிந்த நிலம், 2011-13-ல் 9.640 கோடியாகவும், 2018-19-ல் 9.785 கோடியாகவும் உயர்ந்தது. இந்தக் கடைசி எண் நாட்டின் பரப்பில் 29.77 விழுக்காடு. பாலைவனமாதலைத் தடுக்கும் ஐ.நா. உடன்படிக்கையின் 14-ஆவது மாநாட்டை 2019-ல் நடத்திய இந்தியா, 2030-க்குள் 2.6 கோடி ஹெக்டேரை மீட்பதாக அப்போது அறிவித்தது. இவ்வளவு பெரிய எண்கள் ஒரு ஊருக்கு நேரடியாக உதவுவதில்லை. ஊரின் கணக்கை ஊரே எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற விடைகளை எழுதுகிறோம்.

அவ்வளவு உயரத்திலிருந்து செயற்கைக்கோள் உண்மையில் எதைப் பார்க்கிறது?

நிலத்தில் பட்டுத் திரும்பும் வெயிலை மட்டுமே பார்க்கிறது (ரேடார் வகை வேறு, அதைப் பின்னால் சொல்கிறோம்). உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உணவு தயாரிக்க உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடுகிறது. வெறும் மண் இரண்டையும் ஏறக்குறைய ஒத்த அளவில் திருப்புகிறது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வரும் விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே என்.டி.வி.ஐ. எனப்படும் பசுமைக் குறியீடு. எடுத்துக்காட்டாக, கதிர் வாங்கும் பருவத்தில் உள்ள நெல்வயல் சிவப்பில் 5 விழுக்காடும் அகச்சிவப்பில் 45 விழுக்காடும் திருப்பினால் குறியீடு 0.8 ஆகும், உழுது போட்ட செவல் நிலம் சிவப்பில் 20, அகச்சிவப்பில் 25 திருப்பினால் 0.11 ஆகும். தேங்கிய நீருக்கு இது பெரும்பாலும் சுழிக்கும் கீழே போகும்.

மரங்கள் நெருங்காத நம் மானாவாரிப் பகுதியில் செடிகளுக்கு இடையே தெரியும் மண்ணின் நிறம் இந்தக் கணக்கைக் குழப்பும். மழை நனைத்த கரிசல் கறுத்து, இல்லாத பசுமையைக் கொஞ்சம் இருப்பதாகக் காட்டும். அதற்காகவே மண்ணின் பங்கைத் திருத்திக் கணக்கிடும் சாவி (SAVI) என்ற குறியீடு 1988-ல் உருவாக்கப்பட்டது. கரிசலையும் செவலையும் ஒப்பிடுவோர் அதையே பயன்படுத்துவது நல்லது.

எங்கள் நிலம் ஒன்றரை ஏக்கர்தான். அது படத்தில் தெரியுமா?

தெரியும், ஆனால் எந்தச் செயற்கைக்கோள் என்பதைப் பொறுத்தது. படம் சிறு சிறு கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்கு ஒரே எண்தான் கிடைக்கும். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2-இன் கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். அமெரிக்காவின் லேண்ட்சாட் கட்டம் 30 மீட்டர், அது 22 சென்ட். நம் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள்களில் உள்ள லிஸ்-3 கருவியின் கட்டம் 23.5 மீட்டர், லிஸ்-4 கருவியின் கட்டம் 5.8 மீட்டர்; பின்னது ஒரு சென்டுக்கும் குறைவு. ஆகவே ஒன்றரை ஏக்கர் நிலம் சென்டினல் படத்தில் சுமார் 60 கட்டங்களாகவும், லேண்ட்சாட் படத்தில் ஆறேழு கட்டங்களாகவும் வரும். வரப்பை ஒட்டிய கட்டங்களில் பக்கத்து வயலும் கலந்துவிடுவதால் அவற்றை ஒதுக்கிவிட்டு நடுவில் உள்ளவற்றையே நம்ப வேண்டும்.

சென்டினல்-2 இரண்டு செயற்கைக்கோள்களாகச் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் வானத்தைக் கடக்கின்றன. இந்தப் படங்களுக்கும் லேண்ட்சாட் படங்களுக்கும் கட்டணம் இல்லை. 2023-ல் வெளியான இந்திய விண்வெளிக் கொள்கைப்படி 5 மீட்டரும் அதற்கு மேலும் கட்டம் உள்ள இஸ்ரோ படங்களும் இலவசம். அவை பூநிதி என்ற தளத்தில் கிடைக்கின்றன.

என் அப்பா காலத்தில் இந்த நிலம் எப்படி இருந்தது என்று பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதல் லேண்ட்சாட் 1972-ல் ஏவப்பட்டது; 1982-இல் போன லேண்ட்சாட்-4 தொடங்கி 30 மீட்டர் படங்கள் கிடைக்கின்றன. இந்தியாவின் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்டது. லேண்ட்சாட்டின் பழைய படங்கள் முழுவதும் 2008-ல் இலவசமாக்கப்பட்ட பிறகுதான் சாதாரண மக்களும் நாற்பது ஆண்டு மாற்றத்தைப் பார்க்கும் வழி பிறந்தது. குளம் எப்போது தூர்ந்தது, உடைமரக்காடு எப்போது அழிந்தது என்ற வாக்குவாதங்களில் பெரியவர்களின் நினைவுக்கு இந்தப் படங்கள் நல்ல துணை.

எந்த மாதத்துப் படத்தை எடுக்க வேண்டும்?

பலர் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். ஒரு வருடத்து மார்கழிப் படத்தையும் இன்னொரு வருடத்துச் சித்திரைப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், எந்த ஊரும் பாழாய்ப் போய்விட்டதாகவே தெரியும். மாதமும் பருவமும் ஒத்துப்போகும் படங்களை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

நம் பகுதியில் பருவம் ஊருக்கு ஊர் வேறு. தாமிரபரணிப் பாசனத்தில் ஆனி முதல் புரட்டாசி வரை கார், ஐப்பசி முதல் மாசி வரை பிசானம் என இரண்டு நெல் பருவங்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலிலோ வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் எடுத்துவிடுகிறார்கள். ஆகவே கரிசலின் உச்சப் பசுமை மார்கழிக் கடைசியிலும் தை முதல் பாதியிலும் இருக்கும். பங்குனிப் படத்தில் அதே காடு வெறும் மண்ணாகத் தெரிவது இயல்பு. ஆற்றுப் பாசனத்திலோ அணை திறப்பு பத்து நாள் தள்ளிப்போனாலே, சென்ற ஆண்டு பச்சையாகத் தெரிந்த வயல் இந்த ஆண்டு அதே தேதியில் நடவு நீர் நிற்கும் வயலாகத் தெரியும். அதைப் பார்த்து விளைச்சல் குறைந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

ஒரே ஒரு படத்தை எடுப்பதைவிட, ஒரு வருடத்தின் எல்லாப் படங்களையும் வரிசையாக எடுத்துப் பசுமை எப்போது ஏறியது, எவ்வளவு உயர்ந்தது, எப்போது இறங்கியது என்று ஒரு கோடாக வரைந்து பார்ப்பதே சரியான வழி என்பது எங்கள் கருத்து. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைப்பதால் அந்தக் கோட்டில் இடைவெளி விழும். தை பிறந்தால் வானம் தெளிந்துவிடும்.

மழை தவறிய வருடத்தையும் நிலம் கெட்ட வருடத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

மழைக்கணக்கைப் பக்கத்தில் வைக்காமல் பிரிக்க முடியாது. உங்கள் வட்டத்து மழைமானியில் பதிவான ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையை ஒரு பக்கமும் அந்த வருடத்து உச்சப் பசுமையை இன்னொரு பக்கமும் எழுதிப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு அட்டவணை போடுங்கள். நல்ல நிலத்தில் மழை கூடினால் பசுமையும் கூடும், குறைந்தால் குறையும். மழை முன்போலவே பெய்தும் பசுமை ஆண்டுக்கு ஆண்டு சரிந்துகொண்டே போனால், மண்ணிலோ தண்ணீர் தங்கும் விதத்திலோ கோளாறு இருக்கிறது என்று பொருள். நிலத்தை நேரில் பார்த்தவர்களிடம் காரணத்தைக் கேட்க வேண்டிய கட்டம் அது. சிலவேளை காரணம் மண்ணாக இல்லாமல், ஊரில் இருந்தவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனதாக இருக்கும்.

கோடையிலும் எங்கள் ஊர்க் குளம் படத்தில் பச்சையாகவே இருக்கிறது. நல்ல அறிகுறிதானே?

பெரும்பாலும் இல்லை. அது சீமைக்கருவேலம்.

ஒருமுறை நாங்களும் வைகாசிப் படம் ஒன்றில், சுற்றுப்புறம் முழுதும் வறண்டு கிடக்க ஒரு குளத்தின் உட்பகுதி மட்டும் அடர்ந்த பச்சையாக இருப்பதைக் கண்டு, அங்கே நீர் தங்கியிருக்கிறது, ஓரத்தில் பயிர் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனோம். கரையில் ஏறி நின்றபோது நீர் திறக்கும் மடை முதல் மிகைநீர் வழியும் மறுகால் வரை உள்ளே இறங்க வழியில்லாமல் முள் அடைந்திருந்தது. அன்றிலிருந்து நேரில் பார்க்காத எந்தப் பச்சையையும் நாங்கள் நல்ல கணக்கில் சேர்ப்பதில்லை.

சீமைக்கருவேலம் ஆழமாக வேர்விட்டு அடிநீரை எடுப்பதால் சித்திரை வெயிலிலும் இலை நிற்கும். ஆகவே பசுமைக் குறியீட்டை மட்டும் நம்பி ஆய்வு செய்தால், முள் பரவிய ஊர் செழித்த ஊராகவும், முள்ளை அகற்றிய ஊர் சீரழிந்த ஊராகவும் தெரியும். அதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். வருடம் முழுதும் படங்களை வரிசைப்படுத்தினால் பயிர்நிலம் ஏறி இறங்கும் கோட்டைத் தரும். சீமைக்கருவேலம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போகும். வாழையும் தென்னையும் மாந்தோப்பும் அதேபோலத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் அவை பட்டா நிலத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் ஆற்றோரத்திலும் இருக்கும். குளத்துக்குள்ளும் அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலிலும் புறம்போக்கிலும் கோடையில் பச்சை தெரிந்தால் ஐயப்பட வேண்டும். படத்தில் அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு நேரில் சரிபார்த்தால் சில நாள்களிலேயே ஒரு வட்டாரத்தின் முள்பரப்பை வரைந்துவிடலாம்.

அகற்றுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கரிமூட்டம் போட்டும் விறகு வெட்டியும் இந்த மரத்தால் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்குவதைவிட, குளத்தின் உட்பகுதி, வரத்துக்கால், மறுகால் ஆகியவற்றை முதலில் சுத்தம் செய்து, தூரோடு எடுத்து, எடுத்த இடத்தை வெறுமையாக விடாமல் நாட்டு மரமோ புல்லோ வரச் செய்வதே நிலைக்கும். வெட்டி மட்டும் விட்டால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைத்துவிடும். அடுத்த வருடப் படத்தில் அது தெளிவாகத் தெரியும்.

சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிகள் படத்தில் வெறும் மணலாகத் தெரிகின்றன. அவற்றையும் மீட்க வேண்டுமா?

தேரி என்னும் செம்மணல் மேடு கெட்ட நிலம் அல்ல. அதன் இயல்பே அது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று தேரி மணலை இன்றும் அள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. மணலின் மேல் படிந்த இரும்புத் துருவே அதன் செந்நிறத்துக்குக் காரணம். விழுகிற மழையைத் தேரி ஓடவிடாமல் உறிஞ்சி அடியில் வைத்துக்கொள்கிறது. குதிரைமொழித் தேரியையும், தேரிக்காட்டில் சுனையோடு இருக்கும் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலையும் பார்த்தவர்களுக்கு அந்த மணலுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது புரியும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் பதநீர் தரும் பனைகளும் இந்த மணலை நம்பியே நிற்கின்றன.

செயற்கைக்கோள் படத்துக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு பனையின் கொண்டை பத்து மீட்டர் கட்டத்தில் சிறு பங்கையே மறைக்கும். மீதி முழுதும் மணலாகவே பதிவாகும். ஆகவே நூறு பனை நிற்கும் விடலியும் ஒரு பனை இல்லாத மணற்காடும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரலாம். தேரியில் பார்க்க வேண்டியது பசுமையின் அளவை அல்ல, விளிம்பின் நகர்வை. மணல் பக்கத்து வயலுக்குள்ளும் குளத்துக்குள்ளும் நகர்கிறதா, நடுவே மணல் அள்ளிய குழிகள் தோன்றுகின்றனவா, பனையும் உடைமரமும் முந்திரியும் நின்ற இடம் வெறுமையாகிறதா என்று ஐந்து, பத்து வருட இடைவெளியில் ஒப்பிட வேண்டும். அப்படி நகர்ந்த விளிம்பில் பனையையும் உடையையும் நட்டுக் காற்றைத் தடுப்பதே இங்கே மீட்பு. தேரி முழுவதையும் பச்சையாக்கப் புறப்படுவது அந்த நிலத்துக்குச் செய்யும் தீங்கு என்றே நினைக்கிறோம்.

அரசு வரைபடத்தில் எங்கள் ஊர் மேய்ச்சல் நிலம் ‘பாழ்நிலம்’ என்று இருக்கிறதே?

ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் நிலவளத் துறையோடு சேர்ந்து வெளியிட்ட பாழ்நில வரைபடத் தொகுப்பு, 2015-16 நிலவரப்படி நாட்டில் 5.576 கோடி ஹெக்டேரை அவ்வாறு வகைப்படுத்தியது. புதர்க்காடும் பாறைவெளியும் அதில் அடங்கும். ஆனால் வல்லநாட்டுக் குன்றுகளின் முட்புதரில்தான் வெளிமான்கள் வாழ்கின்றன. அதற்காகவே அங்கே சரணாலயம் இருக்கிறது. மழைக்குப் பின் முளைக்கும் புல்லை நம்பி ஆடு வளர்ப்பவர்களும், அறுவடைக்குப் பின் வயலில் கிடை போட்டு எரு தருபவர்களும் இந்த வெளிகளை நம்பியே இருக்கிறார்கள். வரைபடத்தின் பெயரைக் கொண்டு அங்கே குழி தோண்டி மரக்கன்று நடுவதற்கு முன், அந்த நிலத்தை இப்போது யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

குளங்களைப் பற்றி என்னென்ன தெரிந்துகொள்ளலாம்?

செயற்கைக்கோளால் இந்தச் சீமைக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பலன் குளங்களில்தான் இருக்கிறது. விஜயநாராயணம் பெரியகுளம், நாங்குநேரி பெரியகுளம், மானூர் பெரியகுளம் போன்றவை முதல் நாற்பது ஏக்கர் ஆயக்கட்டுள்ள (பாசனம் பெறும் நிலமுள்ள) சிறு குளம் வரை, நீர்ப்பரப்பைப் படத்திலிருந்து எளிதில் அளக்கலாம். நீர் பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பும், அகச்சிவப்பை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். இந்த வேறுபாட்டைக் கொண்டு நீர்க்குறியீடு கணக்கிடப்படுகிறது. ஆகாயத்தாமரையோ அல்லியோ மூடிய நீர் பயிர்போலத் தெரியும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பரப்பைவிட, நீர் எத்தனை வாரம் நின்றது என்பதே முக்கியம். மார்கழியில் நிறைந்த குளம் பங்குனி வரை நின்றதா, தையிலேயே வற்றியதா என்பதை ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும் படங்களிலிருந்து எண்ணலாம். மழை ஒத்த இரண்டு வருடங்களில் ஒரே பரப்புக்கு நிறைந்தும் முன்னைவிடச் சீக்கிரம் வற்றினால், குளம் தூர்ந்திருக்கலாம் அல்லது மடை ஒழுகலாம்.

ஆழம் படத்தில் தெரியாது என்றாலும் அதை அறியும் முறை ஒன்று உண்டு. பெரிய அணைகளில் சேர்ந்த வண்டலையும் இப்படித்தான் அளக்கிறார்கள். செயற்கைக்கோள் கடக்கும் நாளில் மடைக்கல்லில் நீர் எந்தப் படியில் நிற்கிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டால் போதும். நீர் இறங்க இறங்க, ஒவ்வொரு படிக்கும் உரிய நீரின் விளிம்பு படங்களில் இருக்கும். அந்த விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் குளத்தின் தரை எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் மேடிட்டிருக்கிறது என்பது வெளிப்படும். வண்டலை எங்கே எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட மலிவான ஆய்வு இல்லை. எடுத்த வண்டலை, அதாவது கரம்பையை, முறைப்படி அனுமதி பெற்று மேலேயுள்ள செவல் நிலத்தில் கொண்டுபோய்க் கொட்டினால், மழையோடு இறங்கிவந்த மண் மறுபடி மேட்டுக்கே ஏறுகிறது. நம் முன்னோர் வருடந்தோறும் கோடையில் மாட்டுவண்டியில் செய்துவந்த வேலை அது.

மழைக்காலத்து மேகத்தில் ஒன்றும் தெரியாதே?

வெயிலை நம்பும் படங்களுக்குத் தெரியாது. ரேடார் படங்களுக்குத் தெரியும். சென்டினல்-1, நம் நாட்டின் இ.ஓ.எஸ்.-04, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நைசார் ஆகியவை தாங்களே அலையை அனுப்பித் திரும்புவதைப் பதிவு செய்கின்றன. மேகமும் இருட்டும் அவற்றுக்குத் தடையல்ல. அசையாத நீர் அலையைத் திருப்பாமல் வேறு திசைக்கு அனுப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, குளங்கள் உடைந்து, தாமிரபரணி கரை புரண்டு, வயல்களில் மணல் மேடிட்டது. அப்படிப்பட்ட நாள்களில் நீர் எங்கே நின்றது என்பதை ரேடார் படமும், நீர் வடிந்த பின் மணல் எந்தெந்த வயலில் படிந்தது என்பதை அடுத்த மாதத்து வெயில் படமும் காட்டும். முள்காட்டுக்கு அடியிலும் வீடுகளுக்கு இடையிலும் நின்ற நீரை ரேடார் தவறவிடக்கூடும். அதை மக்களிடம்தான் கேட்க வேண்டும்.

மண்ணின் சத்து படத்தில் தெரியுமா? உவர் தெரியுமா?

சத்து தெரியாது. அதற்கு மண்ணெடுத்துப் பரிசோதிப்பதே வழி. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி போன்ற இடங்களை அணுகலாம். உவர் பூத்து வெள்ளை படிந்த இடம் கோடைப் படத்தில் பளிச்சென்று தெரியும், ஆனால் கடலோரத்தில் உப்பளமும் வெண்மணலும் அப்படியே தெரியும் என்பதால் நேரில் சென்று கிணற்று நீரையும் சோதிக்க வேண்டும்.

மீட்பு வேலையை எந்த இடத்தில் தொடங்குவது?

மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு வர வேண்டும். குளத்தைத் தூர்வாரிவிட்டு, அதற்கு நீர் தரும் சரிவை அப்படியே விட்டால், இரண்டு மழையில் அதே மண் திரும்ப வந்து சேரும். 2000-ஆம் ஆண்டில் விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்ட நிலமட்ட அளவைத் தரவு 30 மீட்டர் கட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டு எந்தச் சரிவின் நீர் எந்தக் குளத்துக்கு வருகிறது என்று வரையலாம். அதன்மேல் பசுமை குறைந்துகொண்டே வரும் இடங்களைப் பொருத்தினால், மண் எங்கிருந்து போகிறது என்பது தெரியவரும். சரிவில் வரப்பும் சமமட்டக் குழிகளும், ஓடையில் கல் தடுப்பும், அதன்பின் வரத்துக்கால், கடைசியில் குளம் என்ற வரிசையே பயன் தரும்.

ஆனால் நம் சமவெளியில் வாய்க்கால்கள் மைலுக்குச் சில அடியே இறங்குபவை. 30 மீட்டர் கட்டத் தரவு அந்த நுண்ணிய இறக்கத்தைக் காட்டாது. எந்தக் குளத்தின் மறுகால் எந்தக் குளத்துக்குப் போனது, எந்த இடத்தில் சாலை வந்து அதை மறித்தது என்பதை மடை பார்த்த பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு, மட்டக்கருவி வைத்துச் சரிபார்த்த பின்பே மண் அள்ள வேண்டும். இந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள். அவர்கள் சொல்வதை வரைபடத்தில் இப்போதே குறித்து வைப்பது, எந்தச் செயற்கைக்கோள் படத்தையும்விட அவசரமான வேலை.

செய்த வேலை பலன் தந்ததா என்று எப்படி உறுதி செய்வது?

வேலை நடந்த இடத்தைப் போலவே மண்ணும் சரிவும் மழையும் உள்ள, வேலை நடக்காத ஒரு இடத்தைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்து, இரண்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் எல்லா நிலமும் பச்சையாகும். அதைத் திட்டத்தின் வெற்றி என்று எழுதுவது மக்களை ஏமாற்றுவது. இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு ஆண்டு கூடினால்தான் அது வேலையின் பலன். முள்ளை அகற்றிய குளத்தில் முதல் ஒன்றிரண்டு வருடம் பசுமை குறைந்தே தெரியும். அங்கே நீர் நின்ற வாரங்களையும் ஆயக்கட்டு வயல்களின் பிசானப் பசுமையையும் அளக்க வேண்டும். மரக்கன்றுகள் முதல் மூன்று நான்கு வருடம் படத்தில் தெரியவே மாட்டா. அதுவரை நேரில் எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தப் படம் பட்டா வழக்குக்கு உதவுமா?

எல்லைக்கு உதவாது. எல்லையைப் புலப்படமும் நில அளவையரும்தான் தீர்மானிக்க முடியும். ஒரு குறிப்பிட்ட ஆண்டில் அங்கே நீர் நின்றதா, பயிர் இருந்ததா என்பதற்குத் துணைச் சான்றாகக் காட்டலாம்.

எங்கள் ஊரில் கணினி தெரிந்தவர் யாருமில்லை. நாங்கள் எப்படித் தொடங்குவது?

கைப்பேசி வைத்திருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் போதும். சென்டினல் படங்களைக் காட்டும் கோப்பர்நிக்கஸ் உலாவி, இஸ்ரோவின் புவன் ஆகிய தளங்களை இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். கூகுள் எர்த் கணினியில் பழைய ஆண்டுப் படங்களையும் காட்டும். மேலும் போக விரும்புவோர் க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளைக் கற்கலாம்.

முதலில் சென்ற தை மாதத்துப் படம் ஒன்றையும் சென்ற வைகாசிப் படம் ஒன்றையும் பெரிய தாளில் அச்சிட்டு, ஊர்க்கூட்டத்தில் விரித்து வையுங்கள். கோயில், குளம், சாலை ஆகியவற்றை எல்லோரும் அடையாளம் கண்ட பிறகு, வைகாசியில் பச்சையாகத் தெரியும் இடங்களையும் தையில்கூட வெறுமையாகத் தெரியும் இடங்களையும் பென்சிலால் சுற்றுங்கள். ஆடு மேய்ப்பவர்களையும் களையெடுக்கப் போகும் பெண்களையும் கட்டாயம் அழையுங்கள். எந்தக் காட்டில் புல் முளைக்காமல் போயிற்று என்பது அவர்களுக்கே முதலில் தெரியும். பிறகு அந்த இடங்களுக்கு நடந்து போய், ஒவ்வொன்றிலும் ஒரு கல்லை அடையாளமாக வைத்து, அந்தக் கல்லின் மேல் நின்று ஒரே திசையில் ஒரு புகைப்படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தையிலும் அதே கல்லில் நின்று எடுங்கள்.